தாத்தா பெயர் வைத்த பேரனும் நின்றுபோன சோதனையும்

மைசூரில் குடியேறிய நம்மவர் பலருக்குச் சொந்த ஊர் சேலம், மேட்டூர்ப் பக்கம். பொங்கலுக்கும் குலதெய்வப் பூசைக்கும் ஊர் போகிறவர்கள் கொள்ளேகால், ஹனூர் தாண்டி மாதேஸ்வரன் மலை ஏறி, அந்தப் பக்கம் வளைந்து வளைந்து இறங்கிப் பாலாற்றைக் கடப்பார்கள். கடந்தால் தமிழ்நாடு. முன்பு இந்தப் பக்கமெல்லாம் மைசூர் மாவட்டமாகவே இருந்தது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்துவிட்டது.

சென்ற முறை அந்த வழியாகப் போனபோது என் அக்காள் மகளும் உடன் வந்தாள். மைசூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை. கொள்ளேகால் வரை அவள் கைப்பேசி ஓயவில்லை. மலையேறத் தொடங்கியதும் தொடர்பு அறுந்தது. "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டாள்.

"என்னம்மா, ஆபீசில் ஏதாவது தகராறா?" என்றேன்.

"நான் எழுதின சோதனை விழுந்துட்டே இருக்கு மாமா. திங்கட்கிழமை சரக்கு போகணும். சோதனையை எடுத்துப் போட்டுட்டு அனுப்பிடலாம்னு மேலே இருக்கிறவங்க சொல்றாங்க. விழுறது என் சோதனையா, அவங்க எழுதின நிரலா, நாங்க வெளியிலேர்ந்து வாங்கிப் பயன்படுத்துற லைப்ரரியா, எனக்கே தெரியலை. ஆனா எடுத்துப் போட மனசு வரலை."

நான் கணக்கெழுதிப் பிழைத்தவன். இருந்தாலும் நம் சங்கத்தின் குடும்ப மலருக்காக உறுப்பினர் குடும்பங்களைக் கணிப்பொறியில் ஏற்றி, அச்சிடுவதற்கு ஒரு சிறு நிரலையும் தட்டுத்தடுமாறி எழுதியவன். அதிலும் இப்படி ஒரு கோளாறு இருந்தது. ஆகவே பாலாறு வருவதற்குள் அவள் சொன்னது எனக்குப் பிடிபட்டுவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு அவர்கள் எதற்காக முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பெற்றோரும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு மருத்துவமனைக்கான நிரல். நோயாளிக்குச் சர்க்கரை இருக்கிறதா, அவர் அப்பாவுக்கு இருந்ததா, அப்பாவின் அம்மாவுக்கு இருந்ததா என்று பரம்பரை விவரத்தைத் திரட்டித் தரும் நிரல். அதற்கு "மனிதர்" என்றொரு வகையை வரையறுத்திருந்தார்கள். கணிப்பொறிக்காரர்கள் இதை டைப் என்கிறார்கள். நாம் படிவம் என்று வைத்துக்கொள்ளலாம். பெயர், பிறந்த ஆண்டு, நோய்கள், தந்தை, தாய், துணைவர் எனக் கட்டங்கள். இதில் தந்தை என்ற கட்டத்துக்குள் என்ன வரும்? வெறும் பெயர் அல்ல. தந்தையைப் பற்றிய இன்னொரு முழுப் படிவம். அதிலும் ஒரு தந்தைக் கட்டம். தாலுகா அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தை நீட்டி, "தந்தையின் விவரங்களை இதே விண்ணப்பத்தில் பூர்த்தி செய்து இணைக்கவும்" என்று ஒரு குமாஸ்தா சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் ரிகர்சிவ் டைப், தன்னுள்ளே தன்னையே வைத்திருக்கும் படிவம்.

இது ஏதோ விபரீதமான யோசனை என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. சில கோலங்களில் ஒரு சிறிய உருவத்தை நான்காகப் போட்டு இணைத்தால் பெரிய உருவம். அந்தப் பெரியதை நான்காகப் போட்டால் அதைவிடப் பெரியது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களைக் கணிப்பொறி இலக்கணமாக எழுத முடியும் என்று 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். கோலத்தில் வம்பில்லை. வாசல் முடிந்தால் கோலமும் முடிகிறது. கணிப்பொறிக்கு வாசல் எங்கே முடிகிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

நிற்க. சோதனை என்றால் என்ன என்று பார்ப்போம். பழைய முறையில், சோதிப்பவர் தாமே நாலைந்து எடுத்துக்காட்டுக் குடும்பங்களைத் தட்டச்சு செய்து, நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்ப்பார். இதில் ஒரு குறை. சோதிப்பவருக்குத் தோன்றாத குடும்பம் சோதனைக்கும் வராது. சுவீடன் நாட்டில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தின் கூன் கிளாசென், ஜான் ஹியூஸ் என்ற இருவர் 2000-ஆம் ஆண்டு குவிக்செக் என்றொரு கருவியை வெளியிட்டார்கள். படிவம் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டால், கருவி தானே சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் நூறு விதமாக அதை நிரப்பி, நிரலிடம் கொடுத்துப் பார்க்கும். அதைப் பின்பற்றி இன்று பைத்தான், ஜாவா, டாட்நெட், ரஸ்ட் என்று ஏறக்குறைய எல்லா மொழிகளுக்கும் இப்படிப்பட்ட நூலகங்கள் உண்டு. என் அக்காள் மகள் பயன்படுத்தியதும் அந்த வம்சத்தில் ஒன்றுதான்.

அந்தக் கருவியிடம் "ஒரு மனிதரைச் செய்" என்றாள். அது பெயர் போட்டது, ஆண்டு போட்டது, தந்தைக் கட்டத்துக்கு வந்தது. அதை நிரப்ப ஒரு மனிதர் வேண்டும். செய்யத் தொடங்கியது. அவருக்கு ஒரு தந்தை வேண்டும். அவருக்கு ஒரு தந்தை...

ஒவ்வொரு முறையும் பாதி வேலையில் ஒரு படிவம் நின்றுபோகிறது. பாதியில் விட்ட வேலையை எங்கே விட்டோம் என்பதற்கு ஒரு குறிப்புச் சீட்டு எழுதி, சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது கணிப்பொறி. இந்த அடுக்குக்குத்தான் ஸ்டாக் என்று பெயர். அடுக்க இடம் கொஞ்சந்தான். விண்டோசில் வழக்கமாக ஒரு மெகாபைட். பைத்தான் மொழி இன்னும் முன்ஜாக்கிரதை: ஆயிரம் சீட்டுக்கு மேல் போனால் தானே நிறுத்திப் பிழை என்று சொல்லிவிடும். அந்தப் பிழையைப் பிடித்து, இந்த ஒரு சோதனை தோல்வி என்று குறித்துவிட்டு மற்றச் சோதனைகளுக்குப் போகலாம். டாட்நெட்டில் அப்படியில்லை. 2005-இல் வந்த 2.0 பதிப்பு முதல், அடுக்கு நிரம்பி வழிந்தால் அதைப் பிடித்துச் சமாளிக்க வழி கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலே அந்த இடத்தில் உயிரை விடும். வகுப்பில் ஒரு மாணவன் பரீட்சையில் தவறினான் என்பது ஒன்று, பள்ளிக்கூடமே இடிந்து விழுந்தது என்பது வேறு. பிறர் எழுதிய நல்ல சோதனைகளும் அன்றைக்கு ஓடாமல் போயின. "உன் சோதனையால்தான் எல்லாம் கெட்டது" என்று அவளைச் சொன்னதன் காரணம் இதுதான்.

முதல் தவறு படிவத்திலேயே இருந்தது. தந்தைக் கட்டம் கட்டாயம் என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மனிதனுக்கும் தந்தை உண்டு என்பது உலக உண்மைதானே என்று அவர்கள் எண்ணம். உண்மைதான். ஆனால் உலகத்துக்கு எழுதி முடிக்க வேண்டிய அவசரம் கிடையாது. எந்த ஏட்டிலும் ஓரிடத்தில் "இதற்குமேல் தெரியாது" என்று எழுதித்தான் ஆக வேண்டும். அதை எழுத இடம் தராத படிவத்தை மனிதனாலும் நிரப்ப முடியாது, கணிப்பொறியாலும் முடியாது. நிரலை எழுதியவர்களுக்கு இது ஏன் தெரியவில்லை என்றால், அவர்கள் கையால் செய்த எடுத்துக்காட்டுகளில் தாத்தாவோடு நிறுத்திவிட்டு, அங்கே ஒரு வெற்றுக் கட்டத்தைச் சத்தமில்லாமல் செருகியிருந்தார்கள்.

இதை அவள் கண்டுபிடித்து, "தெரியாது" என்று போட வழிசெய்தாள். அப்போதும் விழுந்தது. அதிலும் ஒரு வினோதம். ஒரு நேரத்தில் ஒரே குடும்பத்தை மட்டும் செய்து பார்த்தால் பாதி நாள் ஓடும், பாதி நாள் விழும். நூறு குடும்பம் என்று வைத்தால் ஒருநாளும் ஓடாது. "நம்ப முடியாத சோதனை" என்ற பட்டம் அப்போதுதான் வந்தது.

நடந்தது இது. எல்லா இடத்திலும் "தெரியாது" என்று வந்தால் குடும்பமே இல்லாமல் போகுமே என்று, மூன்றில் ஒரு பங்கு "தெரியாது", இரண்டு பங்கு "தெரியும்" என்று விகிதம் வைத்திருந்தாள். தெரியும் என்றால் அவருக்குத் தந்தை, தாய் என இரண்டு புதுக் கட்டங்கள் திறக்கும். சராசரியாக ஒரு கட்டத்தை மூடும்போது ஒன்றேகால் கட்டத்துக்கும் மேல் (மூன்றில் நான்கு) புதிதாகத் திறக்கிறது. கடனை அடைக்கக் கடன் வாங்குகிறவன் கதை.

கணக்குப் பிடித்தவர்களுக்காக ஒரு வரி. ஒரு கட்டம் எப்போதாவது முடிவதற்கான வாய்ப்பை ப என்போம். அது உடனே முடியலாம், அதற்கு வாய்ப்பு மூன்றில் ஒன்று. இல்லையேல் திறக்கும் இரண்டும் முடிய வேண்டும்: மூன்றில் இரண்டு பெருக்கல் ப பெருக்கல் ப. இந்தச் சமன்பாட்டைத் தீர்த்தால் கிடைப்பது ப சமம் அரை. பாதி நாள் ஓடியது அதனால்தான்! பத்துக் குடும்பம் தொடர்ந்து தப்பிக்க 1024-இல் ஒரு வாய்ப்பு. நூறு தப்பிக்கும் என்று எதிர்பார்ப்பதைவிடக் காவிரி திரும்பி ஓடும் என்று எதிர்பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், குவிக்செக்கைப் பற்றி 2000-இல் வந்த முதல் கட்டுரையிலேயே, இதே ஒன்றுக்கு இரண்டு விகிதத்தை வைத்து, இது பாதி முறைதான் முடியும் என்று எச்சரிக்கை இருக்கிறது. அதற்கும் வெகு முன்னால், 1874-இல் இங்கிலாந்தில் கால்டன் என்பவரும் வாட்சன் என்ற பாதிரியாரும் பிரபுக்களின் குடும்பப் பெயர்கள் ஏன் அற்றுப்போகின்றன என்று இதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கு வம்சம் முடிந்துவிடுமோ என்று கவலை. சோதனை எழுதுகிறவருக்கு அது முடியாமல் போய்விடுமோ என்று கவலை. சரி பாதியாக, நாணயம் சுண்டுவதுபோல் வைத்தால் என்ன? எப்படியும் முடியும். ஆனால் அவ்வப்போது பிரம்மாண்டமான குடும்பம் ஒன்று வரும். சராசரி அளவு கணக்குப்படி முடிவிலி. மூன்றில் இரண்டு பங்கு "தெரியாது" என்றால் பத்திரம். ஆனால் சராசரியாக மூன்றே கட்டம். சோதித்தும் பயனில்லை.

ஆகவே விகிதத்தை மாற்றிப் பயனில்லை, கையில் காசு கொடுத்து அனுப்ப வேண்டும் என்பதுதான் குவிக்செக் காட்டிய வழி. முதல் மனிதருக்கு 100 ரூபாய். அவர் தந்தைக்கும் தாய்க்கும் ஆளுக்கு 50. அவர்களின் பெற்றோருக்கு 25. பிறகு 12, 6, 3, 1. கையில் காசில்லாதவர் "தெரியாது" என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான். எண்ணிப் பாருங்கள், சரியாக ஏழு தலைமுறை! நம் பெரியவர்கள் ஏழு தலைமுறை என்று சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் ஏதும் இல்லை, ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் பாதியாக்குவது முக்கியம். சிலர் சிக்கனமாக ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ரூபாய் மட்டும் குறைப்பார்கள். அப்போது நூறு தலைமுறை போகும், ஒவ்வொன்றிலும் ஆள் இரட்டிப்பு. சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதைதான். அடுக்கு வழியாது, ஆனால் நம் ஆயுளில் முடியாது.

இந்தச் சங்கடம் மொழிக்கு மொழி வேறு முகம் காட்டுகிறது. பைத்தானில் ஹைப்பாதெசிஸ் என்ற நூலகத்தில், ரிகர்சிவ் படிவத்துக்கென்றே ஒரு தனி ஏற்பாடு உண்டு. இலைகள் நூற்றுக்கு மேல் போகாதபடி அதுவே பார்த்துக்கொள்ளும். ரஸ்ட் மொழியில் படிவத்துக்குள் அதே படிவத்தை நேரடியாக வைத்தாலே மொழிபெயர்ப்பி ஏற்காது: "இதன் அளவு முடிவிலி" என்று ஆரம்பத்திலேயே திருப்பி அனுப்பிவிடும். பெட்டிக்குள் அதே அளவுப் பெட்டியை வைக்க முடியாது, பெட்டி இருக்கும் இடத்தின் முகவரியை எழுதிய சீட்டைத்தான் வைக்க முடியும் என்பது அதன் நியாயம். ஆனாலும் அது காப்பது அளவைத்தான். முகவரிச் சீட்டு வைத்த பிறகு, முடியாத வம்சத்தை அதிலும் உண்டாக்கலாம்.

டாட்நெட்டில் ஆட்டோஃபிக்ஸ்சர் என்று ஒன்று, டென்மார்க்கைச் சேர்ந்த மார்க் சீமன் தொடங்கியது. தந்தைக்குள் தந்தை என்ற சுழலைப் பார்த்தவுடன், அடுக்கு வழியும்வரை காத்திராமல், "உன் படிவம் தன்னையே சுற்றுகிறது" என்று சொல்லி நின்றுகொள்ளும். நல்ல பிள்ளை. ஆனால் அதையும் வாயடைக்க ஒரு மாற்று ஏற்பாடு உண்டு: சுழல் வரும் இடத்தில் வெறுமனே காலியாக விட்டுவிடு என்று. அவசரத்தில் இருப்பவர்கள் அதைத்தான் போடுகிறார்கள். என் அக்காள் மகளின் அலுவலகத்திலும் ஒருவர் இப்படி ஒரு யோசனை சொன்னார். போட்டுப் பார்த்தாள். எல்லாம் பச்சை விளக்கு. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவள் மட்டும் உள்ளே திறந்து பார்த்திருக்கிறாள். செய்யப்பட்ட குடும்பம் ஒவ்வொன்றும் ஓர் ஆள் குடும்பம். தந்தையில்லை, தாயில்லை, துணையில்லை. பரம்பரை நோயைக் கண்டறியும் நிரலை நூறு அனாதைகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள்!

விழுந்த சோதனையைவிட இந்தப் பச்சை விளக்கு மோசம் என்பது என் கட்சி. விழுந்தது ஏதோ சொல்ல முயன்றது. இது ஒன்றும் சொல்லாமலே சரி என்றது.

அடுத்தது துணைவர் கட்டம். கணவர் படிவத்துக்குள் மனைவியின் படிவம், அதற்குள் கணவர் படிவம். அந்த உள்ளே இருக்கும் கணவர், வெளியே இருக்கும் அதே கணவராக இருக்க வேண்டும் என்பது நமக்குச் சொல்லாமலே தெரியும். படிவத்தில் அப்படி எங்கும் எழுதவில்லையே! கருவி அந்த மனைவிக்குப் புதிதாக வேறொரு கணவரைச் செய்தது. அந்தக் கணவருக்கு வேறொரு மனைவி. அந்த மனைவிக்கு... இந்தச் சங்கிலி போகிற போக்கைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்ததில் மலை இறங்கியதே தெரியவில்லை.

சோதனை நூலகங்கள் தடுமாறும் இடம் இன்னொன்றும் உண்டு. எதிர்பார்த்த குடும்பமும் வந்த குடும்பமும் ஒன்றா என்று ஒப்பிடும் இடமும், ஒன்றில்லை என்றால் வேறுபாட்டை அச்சிட்டுக் காட்டும் இடமும். கணவர் மனைவியைக் காட்ட, மனைவி கணவரைக் காட்ட, ஒப்பிடுகிறவன் செக்குமாடாகச் சுற்ற வேண்டியதுதான். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பெயர்பெற்ற ஜெஸ்ட் என்ற கருவியில் இதன் ஒரு விசித்திர வடிவம் பலருக்கும் அனுபவம். அது சோதனைகளைத் தனித்தனி வேலையாள்களிடம் பிரித்துக் கொடுக்கும். ஒரு சோதனை தவறினால் வேலையாள் அந்தச் செய்தியை எழுத்தாக்கி எசமானுக்கு அனுப்ப வேண்டும். செய்தியில் சுற்றி வரும் குடும்பம் இருந்தால் எழுத்தாக்க முடியாமல் அந்த அனுப்புதலே விழும். சோதனை வெற்றி பெற்றால் ஒன்றும் தெரியாது. தவறினால் மட்டும், ஏன் தவறியது என்ற செய்தி வராமல் வேறொரு பிழை வரும்.

இங்கேதான் நம் சங்கத்துக் குடும்ப மலர் வருகிறது. என் நிரலும் முதன்முதலில் கணவன் மனைவிச் சுழலில்தான் விழுந்தது. கெட்டிக்காரத்தனமாக ஒரு வைத்தியம் செய்தேன்: ஒருவரைப் பார்த்ததும் ஒரு குறி போடு, குறி போட்டவரை மறுபடி பார்த்தால் "சுழல்" என்று சொல்லி நிறுத்து. இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு குடும்பத்தில் முட்டிக்கொண்டது. அங்கே சுழல் ஏதும் இல்லை. தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

வரைந்து பாருங்கள். பாட்டிக்கு ஒரு மகன், ஒரு மகள். மகளுக்கு ஒரு பெண். அந்தப் பெண் மாமனையே மணக்கிறாள். அவர்களுக்கு ஒரு குழந்தை. பாட்டியிலிருந்து மகன் வழியாக இறங்கினால் குழந்தை வருகிறது. மகள் வழியாகப் பேத்திக்கு இறங்கினாலும் அதே குழந்தை வருகிறது. இரண்டாம் முறை பார்த்த என் நிரல் சுழல் என்று கத்திவிட்டது. ஆனால் எந்த வழியில் போனாலும் கீழேதான் போகிறோம். ஒருபோதும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பவில்லை. இரண்டு கிளைகள் ஓரிடத்தில் சேர்கின்றன. சேர்வது வேறு, சுற்றுவது வேறு.

"நீங்க மையால குறி போட்டுட்டீங்க மாமா, பென்சிலால போட்டிருக்கணும்" என்றாள் அவள். ஒரு வீட்டுக்குள் நுழையும்போது வாசலில் பென்சில் குறி. வேலை முடிந்து வெளியே வரும்போது அழித்துவிட வேண்டும். அழிக்காத குறியுள்ள வீட்டுக்குள்ளேயே மறுபடி நுழைய நேர்ந்தால்தான் சுழல். பைத்தானில் விவரங்களை ஜேசான் எழுத்தாக மாற்றும் பகுதி இப்படித்தான் செய்கிறது. வெளியே வரும்போது குறியை நீக்கிவிடும். அதனால் உண்மைச் சுழலுக்கு மட்டுமே குற்றம் சொல்லும்.

ஆனால் பென்சிலால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அந்தத் திருத்தத்துக்குப் பிறகு அச்சு ஒழுங்காக வந்தது. சங்க விருந்துக்கு இலைக் கணக்கு எடுத்தபோது அந்தக் குழந்தைக்கு இரண்டு இலை! எண்ணுவதற்கு மையும், சுழலறியப் பென்சிலும் என்று இரண்டும் வேண்டியிருக்கிறது.

இனி, யார் என்று எதை வைத்து அடையாளம் காண்பது? நான் பெயரையும் முதலெழுத்தையும் வைத்தேன். நம்மவரிடையே அது எவ்வளவு பெரிய பள்ளம் என்று யோசித்துப் பார்க்கவில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்து வந்ததுதானே. முத்துசாமியின் மகன் மு. இராமசாமி. அவர் மகனுக்குத் தாத்தா பெயர் வைத்தால் இரா. முத்துசாமி. அவர் மகனுக்கும் தாத்தா பெயர், மறுபடியும் மு. இராமசாமி! முதலெழுத்து உட்பட ஓர் எழுத்து மாறவில்லை. மேல்நாட்டுக்காரன் எழுதிய எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த எடுத்துக்காட்டு இருக்காது. பெயரால் பார்க்கும் நிரலுக்குப் பேரன் வந்ததும் தாத்தா திரும்பி வந்ததாகவே தோன்றும்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது வண்டி பாலாற்றில் நின்றது. சோதனைச்சாவடி. "இந்தப் பாலாறுதான் வேலூருக்குப் போகுதா மாமா?" என்று கேட்டாள். இல்லை. அது வேறு பாலாறு. நந்தி மலைப் பக்கம் பிறந்து, கோலார், வேலூர் வழியாக ஓடி, வயலூர் அருகே வங்கக் கடலில் சேர்வது அது. இது எல்லையோரம் காவிரியில் சேரும் சிற்றாறு. பெயரை மட்டும் எழுதி வைத்தால், கணிப்பொறி இரண்டையும் ஒன்றாக்கி வேலூர்த் தண்ணீரை மேட்டூரில் கொண்டுவந்து விட்டுவிடும். அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து ஏதோ எழுதத் தொடங்கினாள்.

ஊரிலிருந்து திரும்பியதும் அவள் செய்தது இது. தந்தைக்குள் தந்தையைப் பொதிந்து வைக்கும் படிவத்தை விட்டுவிட்டு, எல்லா மனிதரையும் ஒரே பட்டியலில் வரிசையாக வைத்து ஆளுக்கொரு எண் கொடுக்கச் சொன்னாள். தந்தைக் கட்டத்தில் தந்தையின் எண், தெரியாவிட்டால் காலி. துணைவர் கட்டத்தில் துணைவரின் எண். இப்படி வைத்தால் கருவிக்குச் சுழலில் சிக்கும் வேலையே இல்லை. முதலில் இருபது பேரைச் செய்துவிட்டுப் பிறகு முடிச்சுப் போடலாம். தந்தை, தாய் எண்கள் எப்போதும் தன் எண்ணைவிடச் சிறியவையாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தால் நல்ல குடும்பம் கிடைக்கும். அந்த விதியை வேண்டுமென்றே தளர்த்தினால், தவறாகப் பதிவான குடும்பம் கிடைக்கும். இரண்டு விதமாகவும் சோதித்தாள்.

இரண்டாவதில் அகப்பட்டது. பதிவறையில் புதிய நோயாளியின் உறவினரைத் தேடிச் சேர்க்கும் பகுதி, பெயரையும் முதலெழுத்தையும் மட்டும் பார்த்தது. தாத்தாவைச் சேர்க்க வேண்டிய இடத்தில் பேரனையே சேர்த்துவிட அதில் தடையில்லை. சேர்ந்துவிட்டால் ஒருவர் தமக்குத் தாமே தாத்தா. பரம்பரையில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று எண்ணும் பகுதி அந்த வீட்டையே சுற்றிச் சுற்றி எண்ணி, கடைசியில் அடுக்கு வழிந்து நிரலோடு விழும், அதுவும் மருத்துவமனையில், மருத்துவர் எதிரில் நோயாளி உட்கார்ந்திருக்கும்போது. விழாமல் இருக்க யாராவது "பத்துத் தலைமுறையோடு நிறுத்து" என்று வைத்தியம் செய்திருந்தால் இன்னும் மோசம். ஒரே ஆளின் சர்க்கரையைப் பலமுறை எண்ணி, பரம்பரையே நோய்ப் பரம்பரை என்று அச்சிட்டுக் கொடுத்திருக்கும்.

சரக்குத் திங்கட்கிழமை போகவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. அவளை யாரும் பாராட்டியதாகத் தெரியவில்லை. சோதனையை மட்டும் யாரும் எடுத்துப் போடவில்லை.

குடும்ப மலர் நிரலிலும் இப்போது ஆளுக்கொரு எண் உண்டு. வீட்டில் ஒரே பெயரும் முதலெழுத்தும் உடைய தாத்தா, பேரன் இருப்பின், இருவரின் பிறந்த ஆண்டையும் தனித்தனியே குறித்துச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாமன் வீட்டுக் குழந்தைக்கு இந்தப் பொங்கல் விருந்தில் ஓர் இலைதான்.